கூரைக்கு மேல் ஓடும் ஆறு

பசையக்காவின் வலது ஆள்காட்டி விரலில் ரேகை பாதிதான் இருக்கிறது. புதுக் கைபேசி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் விரலை வைக்கச் சொன்னார். வைத்தார். மறுபடி வைக்கச் சொன்னது கைபேசி. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் அதையே சொன்னது.

"என்னம்மா, உங்க ரேகையெல்லாம் எங்க போச்சு?"

"பாதி சீனாவுல தேஞ்சு போச்சுப்பா. மீதி உப்புத்தாள்ல."

கடைக்காரர் சிரித்தார். ஆனால் பசையக்கா உள்ளதைத்தான் சொன்னார்.

அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் மை கிடையாது. பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புத்தகங்களை அடிக்கும் இடம் அது. தடித்த தாளில் புள்ளிகளை எழுப்பும் இயந்திரம் ஒரு பக்கம் தடதடக்கும். மறுபக்கம் கட்டுப் பிரிவு, புத்தக முதுகைத் தைக்கிற இடம். இரண்டுக்கும் நடுவில், ஜன்னலை ஒட்டி, ஒரு நீள மேசை. அட்டை, நூல் கண்டு, பொத்தான், லேஸ், உப்புத்தாள், பெரிய டப்பா பசை. அதுதான் வரைபட மேசை. பசையக்கா அங்கே மலை செய்வார், கடற்கரை செய்வார், பாலைவனம் செய்வார்.

வேலை இப்படி நடக்கும். அட்டை மேல் அட்டை ஒட்டினால் மலை. உப்புத்தாளைக் கத்தரித்து ஒட்டினால் மணல். சட்டைப் பொத்தான் என்றால் தலைநகரம். எல்லாம் காய்ந்ததும் ஒரு பெட்டிக்குள் வைத்து, சூடாக்கிய பிளாஸ்டிக் தாளை மேலே போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். தாள் மேடு பள்ளம் எல்லாவற்றையும் அப்படியே கவ்விக்கொண்டு எழும்பும். ஒரு மூலத்திலிருந்து எத்தனை தாள் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அச்சகத்துக்கு வருவதற்கு முன்னால் அவர் தையல்காரி. ஆயத்த ஆடை ஆலையில் சட்டைக் காலர் திருப்புகிற வேலை. ஆலையை ஊர் மாற்றிக்கொண்டு போனார்கள். இவர் அச்சகத்தின் கட்டுப் பிரிவில் வந்து சேர்ந்தார். வந்த புதிதில் வரைபட மேசைக்காரர் வேலையை விட்டுவிட்டார்; பள்ளிப் பூகோளப் புத்தகம் ஒன்று பாதியில் நின்றது. மேலாளர் கட்டுப் பிரிவுக்கு வந்து கேட்டார்: "இங்க யாருக்காவது நூலை நெளிவு சுளிவா ஒட்டத் தெரியுமா?"

"நெளிவு தெரியாம காலர் திருப்ப முடியுமா சார்?" என்றார் இவர்.

அன்று மாலைக்குள் ஒரு கண்டத்தின் கடற்கரையை ஒட்டி முடித்துவிட்டார். கை கழுவப் போனால் குழாய் விரலோடு ஒட்டிக்கொண்டது. பெயர் அன்றே விழுந்துவிட்டது.

வெளியூர்ப் பயணம் என்று அவர் பெரிதாக எங்கும் போனதில்லை. கடலைப் பார்த்ததைவிடச் செய்ததுதான் அதிகம். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க ஒரே இடத்தில் ஏறி இறங்கிவிட்டு வருகிற மனிதருக்கு, சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்க ஒரு கேள்வி உண்டு: "இன்னைக்கு எந்த நாடு?"

போன வருஷம் நெடுநாளைக்கு ஒரே பதில்தான் வந்தது.

"சீனா."

"இன்னும் முடியலையா?"

"அதென்ன நம்ம வீட்டு ஹாலா, பெருக்கி முடிக்க?"

சீனா வந்தது ஒரு நாவல் வழியாக. பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கான கதை. பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் மஞ்சள் ஆற்றின் மேல்பகுதியில் தோல்தெப்பம் விடும் ஒருவர், கீழே சமவெளியில் கரை கட்டும் வேலைக்குப் போகிறார். திரும்பி வரவில்லை. அவருடைய மகள் அவரைத் தேடி ஆற்றோடு கடல் வரைக்கும் போகிறாள். மைப் பதிப்பும் பிரெய்ல் பதிப்பும் ஒரே நாளில் வெளியாக வேண்டும் என்று ஏற்பாடு. மொழிபெயர்ப்பாளர் முடிக்க முடிக்கப் பகுதி பகுதியாக அனுப்பினார். வந்த பகுதி புள்ளியாக மாறியது. மேல் அட்டைக்குள் போட ஒரு வரைபடமும் முன்கூட்டியே வந்திருந்தது.

மேலாளருக்கு வரைபடத்தில் விருப்பமில்லை. அவர் கெட்டவர் அல்ல. புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தவர். மைப் பதிப்பில் ஒரு கைக்குள் அடங்கும் நாவல், பிரெய்லில் ஐந்து தொகுதி. ஒவ்வொன்றும் தலையணை கனம். அதற்கு மேல் பிளாஸ்டிக் தாளா?

"பாடப்புத்தகத்துக்கு வரைபடம் வேணும், ஒத்துக்கறேன். கதைக்கு எதுக்கும்மா?"

"அந்தப் பொண்ணு எங்க போறாள்னு தெரிய வேண்டாமா சார்?"

மேலாளர் அலமாரியைத் திறந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து நீட்டினார். இன்னொரு கதைப் புத்தகம், நூலகத்திலிருந்து பழுது பார்க்க வந்தது. பக்கங்களில் புள்ளிகள் பலர் விரல் பட்டு அமுங்கிப் போயிருந்தன. நடுவில் பசையக்கா செய்த வரைபடத் தாள். அது மட்டும் புதுக்கருக்கு அழியாமல் பளபளத்தது.

"யாரும் தொடவே இல்ல, பாருங்க."

பசையக்கா அந்தத் தாளை ஒரு முறை தடவிப் பார்த்தார். மேலாளர் குரலைத் தணித்தார். பார்வையற்ற மாணவிகள் விடுதியில் சனிக்கிழமை நடக்கும் வாசிப்புக்கு வரைபடத்தைக் கொண்டுபோகலாம். கதை படித்த ஒரு பெண், யாருடைய உதவியும் இல்லாமல், அந்தப் பயணத்தைக் கடல் வரைக்கும் விரலால் தொடர்ந்து போகட்டும். போய்விட்டால் வரைபடம் புத்தகத்தில் இருக்கும். முடியாவிட்டால் இந்த நாவலுக்கு மட்டுமல்ல, இனி எந்தக் கதைக்கும் வரைபடம் இல்லை. மேசையைக் கட்டுப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டு பசையக்காவும் அங்கேயே போக வேண்டியதுதான்.

"சரி சார்," என்றார். புத்தக முதுகு தைப்பது மோசமான வேலை இல்லை. ஆனால் அங்கே மலை கிடையாது.

*

பிழை திருத்துவது இருவர் வேலை. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் புள்ளியில் விரலை ஓட்டிச் சரிபார்ப்பார். படிப்பவர் பசையக்கா. விரல் ஓட்டுபவர் பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு பெரியவர். அச்சகத்தில் அவருக்குப் பெயர் கறார். அவர் காதுக்கு எட்டாமல்தான் அப்படிச் சொல்கிறோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் தொகுதியிலேயே கறார் கையைத் தூக்கிவிட்டார்.

"நிறுத்து. 'ஆட்டுத் தோலை வாயால் ஊதிக் கட்டி, அதன் மேல் ஏறிப் போனார்கள்.' ஆட்டு மேலயா, தோல் மேலயா?"

"தோல் மேலதான் அண்ணே. முழுத் தோலையும் கிழிக்காம உரிச்சு, பலூன் மாதிரி ஊதி, வரிசையா மூங்கில்ல கட்டிடறாங்க. அதுதான் தெப்பம்."

"ஊதுறவன் நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டார் கறார். பிறகு தானாகவே ஒரு மூச்சு இழுத்து விட்டுப் பார்த்தார். "ம். படி."

இரண்டாம் தொகுதியில் அந்தப் பெண் மஞ்சள் மண் மேட்டு நிலத்துக்கு வந்து சேர்கிறாள். காற்று அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய மண். மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. பொழுது சாய வயலில் நடக்கிறாள். வீடு ஒன்றும் இல்லை. ஆனால் காலடியில் சமையல் வாசனை. குனிந்து பார்த்தால் பயிருக்கு நடுவே ஒரு துளை, அதில் புகை.

"இது பிழை," என்றார் கறார். "காலடியில எப்படிச் சமைப்பாங்க?"

பசையக்கா அடுத்த பக்கத்தைப் படித்தார். அந்த ஊரில் வீட்டைக் கட்டுவதில்லை, குடைகிறார்கள். மண்ணுக்குள் வளைந்த கூரையோடு அறை அறையாக வீடு. வாசல் பக்கத்து ஜன்னலுக்குச் சிவப்புத் தாளில் பூவும் பறவையும் கத்தரித்து ஒட்டுகிறார்கள். மேலே உழுகிறார்கள், கீழே உறங்குகிறார்கள்.

"அப்போ என் தலைக்கு மேல ஒருத்தன் மாடு ஓட்டிக்கிட்டு இருப்பான்?"

"ஆமாண்ணே."

"நம்ம மாடிவீட்டுக்காரன் தேவலை," என்று பிழைக்குறியை அழித்தார்.

மூன்றாம் தொகுதியில் படகு தரையில் போனது. பெரிய அருவி குறுக்கே வந்ததும் படகோட்டிகள் படகை ஆற்றிலிருந்து இழுத்து, உருட்டுக் கட்டைகளின் மேல் ஏற்றி, கரையோடு தள்ளிக்கொண்டு போய், அருவிக்குக் கீழே மறுபடி தண்ணீரில் விட்டார்கள். அதற்கும் கீழே, படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலமாக்கி, அதன் சங்கிலியை இழுத்துப் பிடிக்கக் கரையில் யானை கனத்துக்கு இரும்பு எருதுகளை வார்த்து நிறுத்தியிருந்தார்கள். கறார் இந்த முறை கையைத் தூக்கவில்லை. "இந்த ஊர்க்காரன் எதையும் செய்வான்," என்றார். அந்தக் குரலில் அவர் யாரையும் பற்றிப் பேசிப் பசையக்கா கேட்டதில்லை.

வரைபடத்தில்தான் தகராறு வந்தது. அச்சகத்தில் ஒரு வழக்கம்: கோடு என்றால் மேடு. எல்லையும் மேடு, சாலையும் மேடு, ஆறும் மேடு. மேடுதான் விரலுக்குச் சட்டென்று கிடைக்கும். பசையக்கா மஞ்சள் ஆற்றைத் தடித்த நூலால் ஒட்டிவிட்டார். மேற்கே மலையில் புறப்பட்டு, வடக்கே ஏறி, பாலைவனத்தைச் சுற்றி, தெற்கே இறங்கி, அங்கிருந்து கிழக்கே திரும்பிக் கடலுக்கு. நடுவில் ப எழுத்தைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு வளைவு.

கறார் இடது கையை வரைபடத்திலும் வலது கையைக் கதையிலும் வைத்தார். முகம் சுளித்தது.

"ஏம்மா, இங்க அந்தப் பொண்ணு கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஆத்துக்கு இறங்குறா. என் வலது கை இறங்குது. இடது கை ஏறுது. நான் எந்தக் கையை நம்ப?"

"வழக்கமா அப்படித்தானேண்ணே ஒட்டறோம்?"

"வழக்கமா பாடப்புத்தகம். பரீட்சைக்கு ஆறு எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும். இது கதை. தண்ணி பள்ளத்துலதான் ஓடும். சின்னப் புள்ளைக்கே தெரியும்."

இரண்டு கையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லையென்றால் அந்தத் தாளை யார் தொடுவார்கள்? அலமாரியில் பளபளத்த தாள் பசையக்காவுக்கு நினைவுக்கு வந்தது. நூலைப் பிய்த்தார். அட்டையை அடுக்கடுக்காக ஒட்டி, காலர் ஓரம் வெட்டுகிற சின்னக் கத்தியால் ஆற்றைத் தோண்டினார். பள்ளத்தில் காற்று சிக்கிக்கொண்டால் தாள் உள்ளே இறங்காது. அதனால் ஊசியால் அடிமட்டம் நெடுக நுண்ணிய துளைகள் போட்டார். மலையிலிருந்து கடல் வரைக்கும் ஒரே பள்ளம். கறார் விரல் அதில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"இப்போ ஆறு," என்றார்.

அச்சகத்தில் கறாரிடம் அந்த ஒரு சொல்லை வாங்குவது சாதாரணக் காரியமில்லை.

*

நான்காம் தொகுதிக்கான பகுதி வந்தபோது சனிக்கிழமை வாசிப்புக்கு அதிக நாள் இல்லை. பெண் சமவெளிக்கு வந்துவிட்டாள். மலை முடிந்துவிட்டது. கண்ணுக்கு எட்டிய வரை வயல். ஒரு வீட்டு முற்றத்தில் இரவு தங்க இடம் கேட்டு நிற்கிறாள். பசையக்கா படித்தார்:

"நிமிர்ந்து பார்த்தாள். கூரைக்கு மேலே ஒரு பாய் மெல்ல நகர்ந்து போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று."

"எந்தப் பாய்?" என்றார் கறார்.

"படகுப் பாய்."

"கூரைக்கு மேலயா?"

"அப்படித்தான் இருக்கு."

பசையக்கா மேசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஆறு கடல் வரைக்கும் பள்ளத்தில் கிடந்தது.

அவர் ஏன் படிப்பதை நிறுத்தினார் என்று கறாருக்குப் புரிந்துவிட்டது. "கூரைக்குப் பின்னாலன்னு திருத்திடலாமா? தூரத்துல ஆறு, நடுவுல வீடு. பார்த்தா பாய் கூரைக்குப் பின்னால தெரியும். பொருத்தமாத்தான் இருக்கு. உன் பள்ளமும் பிழைச்சுக்கும்."

பொருத்தமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சொல். யாரும் கேட்கப் போவதில்லை. பசையக்கா பென்சிலைக்கூட எடுத்துவிட்டார். வைத்தார்.

"ஆட்டுத் தோல் நிஜம். மண்ணுக்குள்ள வீடு நிஜம். படகு தரையில போனது நிஜம். இது மட்டும் பொய்யா இருக்குமாண்ணே?"

"எனக்கென்ன தெரியும்? போன் போடு."

மொழிபெயர்ப்பாளர் எதிர்முனையில் எதையோ மென்றுகொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் மெல்லுவதை நிறுத்தினார்.

"மேலதான்மா. பிழை இல்ல."

"எப்படி மேடம்? தண்ணி பள்ளத்துலதானே..."

"அந்த மஞ்சள் மண்ணு மேடு வருதில்ல, இரண்டாம் பகுதியில? ஆறு அதை அறுத்துக்கிட்டு, கரைச்சுக்கிட்டு வருது. சமவெளிக்கு வந்ததும் வேகம் குறையுது. தூக்கிட்டு வந்த மண்ணைக் கீழ போடுது. ஆத்தோட அடிமட்டம் உயருது. வெள்ளம் வந்துடுமேன்னு ஜனங்க கரையை ஏத்துறாங்க. ஆறு மறுபடி மண்ணைப் போடுது. இவங்க மறுபடி ஏத்துறாங்க. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லம்மா. தலைமுறை தலைமுறையா. கடைசியில ஆறு வயலைவிட உயரத்துல ஓடுது. சில இடத்துல வீட்டுக் கூரையைவிட உயரம். நானே நின்னு பார்த்திருக்கேன். கீழ நிக்கிறவங்களுக்கு ஆத்தைப் பார்க்கணும்னா படி ஏறணும்."

பசையக்கா ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். இயந்திரப் பகுதியிலிருந்து இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கறார் தலையைப் பின்னால் சாய்த்திருந்தார். பார்வையே இல்லாதவர், மேலே எதையோ பார்ப்பது போல.

"அந்தப் பொண்ணோட அப்பா கரை கட்டத்தானே போனாரு," என்றார் பசையக்கா, மெதுவாக.

"அதான் கதையே," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

போனை வைத்த பிறகு பசையக்கா வரைபடத்தின் பக்கம் போய் உட்கார்ந்தார். கூடவே வந்த மை வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். அதில் ஆறு ஒரு நீலக் கோடு. கோட்டுக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கண்ணால் பார்க்கிறவர்கள் அதை யோசிக்காமலேயே கடல் வரை போய்விடலாம். விரலுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆறு விரலுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

வீட்டில் கணவர் கேட்டார்: "இன்னைக்கும் சீனாவா?"

"ஆறு மேல ஏறிடுச்சுங்க."

"கேபிள் நல்லா இருக்கான்னு பார்க்கச் சொல்லு," என்றார் அவர். முழுக் கதையையும் கேட்ட பிறகு சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டார். "அது அறுந்தா?"

"அறுந்திருக்கு. பல தடவை. ஊர் ஊரா போயிருக்கு. சோளத்தட்டையைக் கட்டுக் கட்டா கட்டி, மண்ணோட உருட்டி அடைப்பாங்களாம். அடைச்சுட்டு மறுபடி அங்கேயே குடியிருப்பாங்களாம்."

"போயிடலாமே?"

"எங்கங்க போறது? வயல் அங்கதான இருக்கு."

*

சமவெளியில் பள்ளத்தை மூடினார். இரு பக்கமும் அட்டையை ஏற்றிக் கரை கட்டினார். நடுவில் ஆற்றை அதைவிடக் கொஞ்சம் தாழ்த்தி, ஆனால் வயலைவிட நன்றாக உயர்த்தி வைத்தார். மலையில் பள்ளம், சமவெளியில் மேடு. அழகாக வந்தது. கறாரின் விரல் மலையிலிருந்து வழுக்கி இறங்கி, அருவியைத் தாண்டி, கிழக்கே திரும்பி, சட்டென்று நின்றது.

"ஆறு செத்துப்போச்சு."

"எங்கண்ணே?"

"இங்க. பள்ளமும் இல்ல, மேடும் இல்ல. வெறும் தரை. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல."

பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறுகிற ஆறு வழியில் எங்கோ நிலத்தோடு சமமாகத்தானே இருக்க வேண்டும்? அந்தச் சமத்தில் விரலுக்கு ஆறு இல்லை. விடுதிப் பெண்ணின் விரலும் சரியாக அங்கேதான் தொலையும். தொலைந்தால் மேசையும் தொலைந்தது.

பசையக்கா அங்கே நூல் ஒட்டிப் பார்த்தார். அது இன்னோர் எல்லைக்கோடாகிவிட்டது. உப்புத்தாள் வைத்தார், "ஆத்துல பாலைவனம் வந்துடுச்சு," என்றார் கறார். லேஸ் வைத்தார், "இது என்ன, ஜாக்கெட்டா?" என்றார்.

மதியம் ஆயிற்று. பசையக்கா சாப்பாட்டுப் பையைத் திறக்கப் போனவர் திறக்கவில்லை. பையின் வாயில் விரலை வைத்து முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா, பையைத் தடவிக் கொடுத்துக்கிட்டு இருக்க? பசிக்குது."

"அண்ணே, விரலைக் குடுங்க."

கறார் கையை நீட்டினார். பசையக்கா அந்த விரலை ஜிப் மேல் வைத்தார். பல் பல்லாக, நெருக்கமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. கறார் ஒரு முறை ஓட்டினார். இன்னொரு முறை ஓட்டினார். சாப்பாட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

பிளாஸ்டிக் ஜிப் சூட்டில் இளகிவிடும். பித்தளைப் பல் வைத்ததாக வேண்டும். தையல் சாமான் கடையில் அதை வேண்டிய நீளத்துக்கு வெட்டித் தருவார்கள்.

"எதுக்கும்மா ஜிப்பு?"

"ஆத்துக்கு."

"ஆறு மீட்டரா?"

"ஒரு மீட்டர் போதும்ப்பா," என்றார் பசையக்கா. விளக்க அவருக்கு நேரமில்லை.

மலை ஊற்றிலிருந்து கடல் வரை ஒரே ஜிப். பள்ளத்தின் அடியில் ஜிப், சமத்தில் ஜிப், மேட்டின் தலையில் ஜிப். சுற்றுமுற்றும் நிலம் இறங்கினாலும் ஏறினாலும் விரலடியில் அந்தப் பல்வரிசை விடாமல் கூடவே வந்தது. கறார் கடல் வரை போனார். போன விரலை எடுக்காமல், திரும்பி மேலே மலைக்கும் போய்விட்டு வந்தார்.

*

சனிக்கிழமை விடுதி வாசிப்பறையில் நீளப் பெஞ்சுகள். மேலாளர் ஒரு மூலையில், கறார் ஜன்னலோரம், பசையக்கா கதவை ஒட்டி. யாரும் வாய் திறக்கக் கூடாது. மூன்று தொகுதி படித்திருந்த ஒரு பெண் முன்வந்து உட்கார்ந்தாள். விடுதியில் அவளுக்குப் பெயர் 'கேள்வி'. ஏன் என்று யாரும் பசையக்காவுக்குச் சொல்லத் தேவைப்படவில்லை.

"இது மலை. இது ஆறு. அய்யோ, ஆறு எவ்வளவு ஆழமா இருக்கு! இங்கதானே அவ தெப்பத்துல ஏறுனா? இது மணலு. சுத்திக்கிட்டுப் போகுது. இது... சொரசொரன்னு, குழி குழியா... மண்ணு வீடு! இங்க அருவி. படகை இறக்கியாச்சு. இது என்ன, ரெண்டு கொக்கி? இரும்பு மாடு! ஏ, மாடு இருக்குடி இங்க!"

பெஞ்சில் இருந்தவர்கள் நெருங்கினார்கள். கேள்வியின் விரல் கிழக்கே திரும்பியது. பள்ளம் ஆழம் குறைந்தது. சமமாயிற்று. விரல் பல்வரிசையைப் பிடித்துக்கொண்டு கடந்தது.

பிறகு ஏறியது. நின்றது.

"சார், இது தப்பு."

"என்ன தப்பு?" என்றார் மேலாளர்.

"ஆறு மேல ஏறிடுச்சு. ரெண்டு பக்கமும் நிலம் கீழ கிடக்கு. ஆறு எப்படி உயரத்துல ஓடும்? கொட்டிடாதா?"

மேலாளர் பசையக்காவைப் பார்த்தார். நான்காம் பகுதியை அவரும் இன்னும் படித்திருக்கவில்லை. பசையக்கா சொல்ல வாயெடுத்து, சொல்லக் கூடாது என்று மூடிக்கொண்டார். கறார் கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிழையா இல்லையா என்று ஒரு சொல் சொல்லாமல் அவர் அவ்வளவு நேரம் இருந்ததை அச்சகத்தில் யாரும் பார்த்ததில்லை.

"சரிம்மா, போதும்," என்று மேலாளர் எழுந்து தாளை எடுக்கக் கை நீட்டினார். குரலில் சந்தோஷம் இல்லை.

கேள்வி தாளை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். "இருங்க சார். மத்ததெல்லாம் சரியா இருக்கு. மாடு வரைக்கும் வெச்சிருக்காங்க. இவ்வளவு பார்த்துப் பார்த்து செஞ்சவங்க ஆத்தை மட்டுமா மறந்துட்டுத் தூக்கி வெப்பாங்க? நாலாம் தொகுதி எங்க?"

கறார் பைக்குள் கை விட்டு, நான்காம் தொகுதியின் திருத்தப்படித் தாள்களை எடுத்து, குரல் வந்த திசையில் நீட்டினார். அது உதவியில் சேருமா என்று மேலாளர் யோசிப்பதற்குள் அது கேள்வியின் மடியில் இருந்தது.

இடது கை வரைபடத்தில், வலது கை புள்ளிகளில். உதடு அசைய வேகமாகப் படித்தாள். பக்கம் புரண்டது. இன்னொன்று. பிறகு குரல் வந்தது, அறையே கேட்டது.

"நிமிர்ந்து பார்த்தாள். கூரைக்கு மேலே ஒரு பாய் மெல்ல நகர்ந்து போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. 'பயமாக இல்லையா?' என்று வீட்டுக்காரியைக் கேட்டாள். வீட்டுக்காரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். 'உன் அப்பாவைப் போன்றவர்கள் மேலே கரையில் இருக்கிறார்கள்,' என்றாள். 'அதனால் நாங்கள் கீழே உறங்குகிறோம்.'"

கேள்வியின் வலது கை புத்தகத்திலேயே நின்றது. இடது கை விரல்கள் கரையின் உச்சியில் இருந்தன. அங்கிருந்து மெல்ல, ஒரு விரலாக, கீழே வயலில் இறங்கின. மறுபடி ஏறின. மறுபடி இறங்கின. அறையில் எதிர்க்கேள்வி ஒன்றும் இல்லை. கேள்வியிடமிருந்தே இல்லை. பக்கத்தில் இருந்த பெண் பொறுக்காமல் கையை நீட்டினாள், அதற்கு அடுத்தவள், கொஞ்ச நேரத்தில் தாளுக்கு மேல் கைகள்தான் தெரிந்தன.

மேலாளரும் வந்து குனிந்தார். அவருக்கு ஒரு விரல் வைக்கத்தான் இடம் கிடைத்தது. வைத்துவிட்டு, என்ன தோன்றியதோ, கண்ணை மூடிக்கொண்டார். விரல் கரை ஏறி இறங்கும் வரை திறக்கவில்லை.

"கடலுக்கு இன்னும் போகலையே," என்றார் பசையக்கா, வாய் திறக்கக் கூடாது என்பதை மறந்து.

"போவாங்க," என்றார் மேலாளர். "அவசரம் என்ன? புத்தகத்துலதான் இருக்கப் போகுதே."

பசையக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியதைத் துடைக்கவும் முடியவில்லை, விரலெல்லாம் காலை வேலையின் பசை.

கைகள் விலகின. கேள்வி மட்டும் விரலை எடுக்கவில்லை. கரைக்குக் கீழே, வயலில் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வீடு எங்க?"

"எந்த வீடும்மா?"

"அவ நிக்கிற வீடு. ஆறு மேல இருக்கு, சரி. யாருக்கு மேல இருக்குன்னு தெரிய வேண்டாமா?"

மை வரைபடத்தில் அப்படி ஒரு வீடு இல்லை. அந்த அளவுக் கணக்கில் ஒரு நகரமே புள்ளிதான். கணக்குப்படி பார்த்தால் அங்கே வீடு வைப்பது தப்பு. பசையக்கா திங்கட்கிழமை காலை அட்டையில் கடுகு போல ஒரு கூரை மடித்து, ஊசி முனையால் எடுத்து, கரைக்கு அடியில் ஒட்டினார். கறார் விரலை ஆற்றோடு ஓட்டிவந்து, கரையிலிருந்து நழுவவிட்டார். விரல் நேராகக் கூரை மேல் போய் இறங்கியது.

அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"பிழை இல்ல," என்றார். "அடிக்கச் சொல்லு."